எதிரியின் காரை விற்ற வாரம்

ஃபயர்பிராண்ட் என்ற பெயரைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னை ஒருதலைப்பட்சமானவள் என்று குறை சொல்லக் கூடாது. நான் ஒருதலைப்பட்சமானவள்தான்.

என் பெயர் ஐலி டுவோமெலா. டெட்ராய்ட்டில் ஹால்ஸ்டெட் மோட்டார்ஸ் கம்பெனியில் நெய்பர் காருக்குப் பத்தொன்பது வருஷமாக நான்தான் பொறுப்பு. நெய்பர் என்றால் பக்கத்து வீட்டுக்காரர். குணமும் அப்படித்தான். நான்கு கதவு, ஐந்து பேர், மளிகைப் பைகள், ஈர நாய், பனி உருக ரோட்டில் கொட்டும் உப்பு எல்லாவற்றையும் முகம் சுளிக்காமல் தாங்கும். அதன் படத்தை யாரும் சுவரில் ஒட்டிக்கொண்டதில்லை. ஆனால் கம்பெனியில் எல்லோருக்கும் சம்பளம் வருவது அதனால்தான். வாசலில் நிற்கும் காவலாளியிலிருந்து தலைவர் வரைக்கும் நெய்பர் போடும் சோறுதான்.

ஃபயர்பிராண்ட் வேறு ஜாதி. இரண்டே கதவு. கட்டில் நீளத்துக்கு ஒரு மூக்கு. பின் சீட்டில் பூனையை உட்கார வைத்தால் பூனைகூடக் கோபித்துக்கொள்ளும். ஸ்டார்ட் செய்தால் தெருக்கோடி வரை குழந்தைகள் விழித்துக்கொண்டு அழும். பத்திரிகைக்காரர்கள் அதை அட்டையில் போட்டு உருகுவார்கள். வருஷத்துக்கு நாலாயிரம் விற்றால் பெரிய விஷயம், அந்த ஒவ்வொன்றும் கம்பெனியின் கையைக் கடிக்கும். அதைச் செய்ய எங்களுக்குத் தனித் தொழிற்சாலைகூடக் கிடையாது. வெளியே ஒரு கம்பெனிக்குக் கூலி கொடுத்துச் செய்து வாங்கினோம்.

அதற்குப் பொறுப்பு வின்ஸ் கப்போராலே. இருபது வருஷமாக வியாழக்கிழமை மதியச் சாப்பாடு அவனோடுதான். நல்லவன். அதுதான் தொல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் நிம்மதியாக வெறுத்துத் தொலைத்திருக்கலாம்.

பிப்ரவரி மாதம் ஒரு நாள் தலைவர் டக் பெல்லாமி எங்கள் இருவரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். மனிதர் சுற்றி வளைக்காமல் பேசுகிறவர்.

"அடுத்த மாடல் பண்றதுக்கு ஒரு காருக்குத்தான் பணம் இருக்கு. ரெண்டுல ஒண்ண நிறுத்தணும். எத நிறுத்தலாம், நீங்களே சொல்லுங்க."

நானும் வின்ஸும் ஒரே நேரத்தில் ஒருவரை ஒருவர் கைகாட்டினோம்.

"இவ காரை யாரு டக் ஆசைப்பட்டு வாங்குறாங்க?" என்றான் வின்ஸ். "பல்வலிக்கு மாத்திரை வாங்குற மாதிரி வாங்கிட்டுப் போறாங்க."

"பல்வலி வந்தா மாத்திரைதான்டா வேணும். பட்டாசா வெடிக்க முடியும்?"

"நெய்பரை மட்டும் வெச்சிருந்தா நாம கார் கம்பெனியே இல்ல, ஃபிரிட்ஜ் கம்பெனி."

"ஃபிரிட்ஜ் கம்பெனிக்கு லாபம் வருதுல்ல? உன் கார் ஒண்ணு வித்தா விழுற ஓட்டைய, என் கார் ஏழு வித்து அடைக்கிறேன் நான்."

பெல்லாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி. அப்ப கெழவர் வழக்கப்படி பண்ணிடலாம்."

எங்கள் இருவருக்கும் முகம் வெளுத்துவிட்டது.

கம்பெனியை ஆரம்பித்த கிழவர் ஹால்ஸ்டெட் குதிரைவண்டி விற்றவர். ஒரு வண்டியை நிறுத்தச் சொல்கிறவர் முதலில் ஒரு வாரம் கடையில் நின்று அதே வண்டியை விற்றுப் பார்க்க வேண்டும், அதற்குப் பிறகு வாயைத் திறக்கலாம் என்று ஒரு சட்டம் போட்டுவிட்டுப் போனார். அதனால் எங்கள் கம்பெனியில் எந்தக் காரையும் யாரும் லேசில் நிறுத்தச் சொல்வதில்லை. கடையில் நிற்பதற்கு அவ்வளவு பயம். வின்ஸும் நானும் இருபது வருஷமாக ஒரு கார்கூட வாங்கியதில்லை. எங்களுக்குக் கம்பெனியே கார் கொடுக்கும். பெட்ரோல் போட்டு, கழுவித் துடைத்து, சாவியைக் கையில் வைப்பார்கள். கார் வாங்கும் மனிதர்களை ஆராய்ச்சி என்ற பெயரில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து பார்த்ததோடு சரி.

எனக்கு இது வெறும் கார்ச் சண்டை இல்லை. நெய்பர் தயாராவது பெல்டன் தொழிற்சாலையில். அது எங்கள் ஊர். என் கணவன் டேல் இருபத்தெட்டு வருஷமாக அங்கே அசெம்ப்ளி லைனில் நிற்கிறான். நெய்பர் போனால் பெல்டன் போகும். ஐம்பத்தாறு வயதில் டேல் வீட்டில் உட்காருவான்.

ஆக, ஒரு வாரம் நான் ஃபயர்பிராண்டை விற்க வேண்டும், வின்ஸ் நெய்பரை விற்க வேண்டும். இருவருக்கும் ஒரே கடை. டியர்பார்னில் மிச்சிகன் அவென்யூ ரோட்டில் நபீல் பய்தூனுடைய ஷோரூம்.

திங்கட்கிழமை காலை நபீல் ஏலக்காய் மணக்கும் காபியைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "இந்த ஒரு வாரம் நீங்க என் ஆளுங்க. மீட்டிங்கு, கிராஃபு எல்லாத்தையும் வாசல்லயே கழட்டி வெச்சிருங்க. ஆள் உள்ள வந்தா சிரிச்ச முகமா 'வாங்க'ன்னு சொல்லணும். அவ்வளவுதான் வேலை."

ஜன்னலில் ஒரு சிவப்பு ஃபயர்பிராண்ட் நின்றது. வெளியே முழங்கால் அளவு பனி. அந்த வெள்ளையில் அந்தச் சிவப்பு ரோட்டைப் பார்த்துப் பல்லைக் காட்டியது. அதன் கண்ணாடியில் தலை சுற்றும் ஒரு விலை ஒட்டியிருந்தது.

என் திட்டம் சுலபமானது. ஒன்றுகூட விற்கக் கூடாது. அதற்குப் பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. ஃபயர்பிராண்டைப் பற்றி உண்மையைச் சொன்னாலே போதும். வின்ஸின் திட்டமும் அதேதான் என்று அவன் நெய்பர் பக்கம் நடந்துபோன அழகிலேயே தெரிந்தது.

முதலில் ஓர் இளம் ஜோடி வந்தது. மனைவிக்கு ஏழு மாதம். கணவன் நேராகச் சிவப்புக் காரிடம் போய் நின்றுவிட்டான். நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன்.

"பின் சீட்டுல உட்கார்ந்து பாருங்களேன்."

அவள் பாதி நுழைந்து மாட்டிக்கொண்டாள். "முட்டிய எங்க வைக்கிறது?"

"அத வீட்டுலயே வெச்சுட்டு வரணும்."

"குழந்தை சீட்டு?"

"கூரைய அறுத்தா வைக்கலாம்."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவன் காரின் மூக்கை ஒரு தடவை தடவிக்கொடுத்துவிட்டுப் பெருமூச்சு விட்டான். "சரி, வேற என்ன இருக்கு?" அரை மணி நேரத்தில் சாம்பல் நிற நெய்பரில் கையெழுத்துப் போட்டார்கள். நான் விற்க வேண்டியது அதுவல்ல. ஆனாலும் எனக்கு ஒரே குஷி. அன்று மாலைக்குள் அப்படி மூன்று பேரை ஃபயர்பிராண்டிலிருந்து காப்பாற்றி நெய்பரில் ஏற்றிவிட்டேன்.

அந்தப் பக்கம் வின்ஸ் ஒரு நர்ஸம்மாவிடம் மாட்டியிருந்தான். வேலை முடிந்து நேராக வந்தவள், கண் சொக்கியது.

"உள்ளதைச் சொல்லிடறேன்மா. இந்தக் கார்ல ஒண்ணுமே நடக்காது."

"அப்படின்னா?"

"அப்படின்னா ஒண்ணுமே நடக்காது. சாவியத் திருப்பினா ஸ்டார்ட் ஆகும். மிதிச்சா நிக்கும். பதினஞ்சு வருஷம் இப்படியே போகும். நமக்கே செத்துப் போகலாம்போல இருக்கும்."

"குளிர்லயும் ஸ்டார்ட் ஆகுமா?"

"மைனஸ் இருபதுலயும் ஆகும். அதுக்கு ஒரு ரோஷமே கிடையாது."

"ரிப்பேர்?"

"அதுகூட வராது. மெக்கானிக்கோட பேசிப் பழகுற வாய்ப்பே இல்ல."

அவள் கைப்பையைத் திறந்தாள். "எங்க கையெழுத்துப் போடணும்?"

வின்ஸ் என்னிடம் வந்து பரிதாபமாக நின்றான். "நான் திட்டத் திட்ட வாங்குறாங்க ஐலி."

"இன்னும் நல்லாத் திட்டு."

செவ்வாய்க்கிழமை, கிறிஸ்தவர்களின் நாற்பது நாள் நோன்பு தொடங்குவதற்கு முந்தின நாள். நபீல் பக்கத்து ஹாம்ட்ராம்க்கிலிருந்து பான்ச்கி என்ற ஜாம் அடைத்த போலந்து உருண்டை இரண்டு டஜன் வாங்கி வைத்திருந்தார். முஸ்லிம் கடையில் கிறிஸ்தவப் பண்டிகைப் பலகாரம், வந்தவர்கள் எல்லோருக்கும் ஒன்று. வின்ஸ் வாய் நிறைய மாவோடு ஒரு பிளம்பரிடம், "இந்தக் கார எங்க நிறுத்தினாலும் ஒருத்தரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க" என்றான். பிளம்பர், "திருடனுமா?" என்று கேட்டார். வின்ஸ் யோசித்துவிட்டு, "திருடன் முக்கியமாப் பாக்க மாட்டான்" என்றான். பிளம்பர் இரண்டு நெய்பர் வாங்கினார்.

புதன் மதியம் வரை எங்கள் இருவர் கையாலும் பதினொரு நெய்பர் போயிருந்தது. ஃபயர்பிராண்ட் ஒன்றுகூட இல்லை. டேலுக்கு மனதுக்குள் தொலைபேசி செய்து நல்ல செய்தி சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ஆல்தியா பூன் வந்தாள்.

அறுபத்தேழு வயது இருக்கும். சர்ச்சுக்குப் போகிற தொப்பி, பனிக்கு ரப்பர் பூட்ஸ். நபீல் சாப்பிடப் போயிருந்தார். அவள் ஃபயர்பிராண்டை ஒரு சுற்று சுற்றி வந்தாள்.

"பின் சீட்டுல யாரும் உட்கார முடியாதும்மா" என்று ஆரம்பித்தேன்.

"முப்பத்தெட்டு வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டினேன். என் முதுகுக்குப் பின்னாடி அறுபது பிள்ளைங்க. இனிமே ஒருத்தரும் வேண்டாம், கண்ணு."

"சத்தம் ஜாஸ்தி."

"அந்த அறுபதையும் நீ கேட்டதில்ல."

"பனியில வழுக்கும். இப்ப ஓட்டவே முடியாது."

"ஏப்ரல் வரைக்கும் கராஜுல நிக்கட்டும். காலையில காபி எடுத்துக்கிட்டுப் போய்ப் பாத்துட்டு வருவேன்."

எனக்கு வியர்த்தது. கடைசி ஆயுதத்தை எடுத்தேன். "விலையப் பாத்தீங்களா?"

"பாத்தேன். அநியாயம்." அவள் செக் புத்தகத்தை எடுத்தாள். "நீ இந்தக் கார விக்க வந்தியா, காவல் காக்க வந்தியா?"

"எதுக்கும்மா இது உங்களுக்கு?" என்று கேட்டேன். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

"ரயில் தண்டவாளம் வந்தா பஸ்ஸ நிறுத்தணும். கதவத் திறக்கணும். காது கொடுத்துக் கேக்கணும். அப்புறம்தான் போகணும். ரயிலே வராத தண்டவாளத்துலயும் அப்படித்தான். முப்பத்தெட்டு வருஷம், தினம் நாலு தடவை. எல்லாக் கார்க்காரனும் பின்னாடி நின்னு ஹார்ன் அடிச்சான்." அவள் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தாள். ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்தாள். "ஒரு தடவையாவது நிக்காமப் போகணும்."

பிறகு சிரித்தாள். அந்த வாரம் நெய்பர் வாங்கினவர்கள் எனக்கு நன்றி சொன்னார்கள், கை குலுக்கினார்கள். ஒருவரும் அப்படிச் சிரிக்கவில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது. ஏன் என்றே தெரியாமல் அவளைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது. பேனாவை நானே எடுத்துக் கொடுத்தேன்.

நபீல் திரும்பி வந்தபோது கார் ஒரு லாரியில் ஏறி அவள் கராஜுக்குப் போயிருந்தது, ஜன்னல் காலி. வாசலிலேயே நின்றுவிட்டார்.

"எங்க?"

"வித்துட்டேன்" என்றேன். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "நீங்க போட்ட விலைக்கே."

நபீல் அப்படியே நெய்பரின் பானட்மேல் சாய்ந்தார். "யாரும் வாங்கக் கூடாதுன்னுதான் மேடம் அந்த விலை! ரெண்டு வருஷமா அத யாருக்கும் கொடுக்காம காப்பாத்தி வெச்சிருந்தேன்! அது விக்கிறதுக்கு இல்ல, ஆள உள்ள கூப்பிடறதுக்கு!"

"என்கிட்ட சொல்லலையே?"

"அத விக்கவே கூடாதுங்கிற முடிவோட வந்தவங்க நீங்க. உங்க மூஞ்சியப் பாத்தாலே தெரிஞ்சுது. நீங்க போய் அத வித்துடுவீங்கன்னு நான் பயப்படுவேனா?"

"இன்னொண்ணு வரவழைச்சா?"

"மே மாசம்" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஒரு கார் போனதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று நினைத்தேன். ஜன்னலில் ஒரு வெள்ளி நிற நெய்பரை நிறுத்தி, நானே துடைத்துப் பளபளவென்று வைத்தேன்.

வியாழக்கிழமை யாரும் வரவில்லை. பனி என்று சமாதானம் செய்துகொண்டோம். ஆனால் ரோட்டில் கார்கள் போய்க்கொண்டுதான் இருந்தன. திங்கட்கிழமை சிக்னலில் சிவப்பு விளக்குக்கு நின்ற ஒவ்வொருவரும் எங்கள் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார்கள். இப்போது எல்லோரும் விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மூன்று மணிக்கு ஒருவர் உள்ளே வந்தார். வின்ஸும் நானும் ஒன்றாகப் பாய்ந்தோம். கழிவறை எங்கே என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடிந்த ஒரு வெல்டர் வந்தார். கையில் தொப்பியோடு ஜன்னல் பக்கம் நின்றார்.

"அந்தச் சிவப்புக் காரு?"

"போயிடுச்சு."

"வாரா வாரம் வந்து பாப்பேன்" என்றார், யாரோ தவறிப்போன வீட்டில் பேசுவதுபோல. "என் பொண்டாட்டிக்கு இந்த மாசம் ஒரு கார் எடுக்கணும். வரப்பெல்லாம் அந்த நாலு கதவையும் ஒரு பார்வை பாத்துட்டுப் போவேன்." வெள்ளி நிற நெய்பரைப் பார்த்தார். தொப்பியைப் போட்டுக்கொண்டார். "சரி, பாக்கலாம்." எதிர்ப்பக்கம் வேறு கம்பெனிக் கடை இருந்தது. அவர் ரோட்டைத் தாண்டி அங்கே போனதை மூவரும் ஜன்னலில் நின்று பார்த்தோம்.

நபீல் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. புது காபி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார்.

நான் காப்பாற்றியதாக நினைத்த அத்தனை பேரையும் எண்ணிப் பார்த்தேன். அந்தக் கர்ப்பிணி, அவள் கணவன், மற்றவர்கள். ஒருவர்கூட நெய்பரைத் தேடிக் கடைக்குள் வரவில்லை. பத்தொன்பது வருஷமாக என் காருக்கு ஆள் பிடித்துக் கொடுத்தது எனக்குப் பிடிக்காத அந்த மூக்குதான். அதை ஒரு செக்குக்கு விற்றுவிட்டு, அதற்கு நானே பேனாவும் கொடுத்திருக்கிறேன்.

சனிக்கிழமை மதியம் வின்ஸும் நானும் கோனி டாக் விற்கும் கடையில் உட்கார்ந்தோம். மிளகாய்க் குழம்பு ஊற்றின சாசேஜ், மேலே பச்சை வெங்காயம். இரண்டு பேரும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"திங்கக்கிழமை என்ன சொல்லப் போற?" என்றான்.

"உன் கார் ஒரு வாரத்துல ஒண்ணுதான் வித்துச்சுன்னு சொல்லப் போறேன். உண்மைதானே?"

"உண்மைதான்."

"நீ?"

"யாரும் ஆசைப்பட்டு வாங்கலன்னு சொல்லுவேன். தூங்கி வழிஞ்சுக்கிட்டே வாங்கினாங்கன்னு." வெங்காயத்தை முள்ளால் தள்ளிக்கொண்டே இருந்தான். "அந்த நர்ஸம்மா நேத்து போன் பண்ணினா. காலையில மைனஸ் பதினெட்டாம். ஒரே திருப்புல ஸ்டார்ட் ஆச்சாம். அத சொல்றதுக்குன்னே போன் பண்ணியிருக்கா. என் கார் வாங்கினவன் எவனும் இதுவரைக்கும் எனக்கு நல்ல சேதி சொல்லப் போன் பண்ணினதில்ல, ஐலி."

ஞாயிற்றுக்கிழமை கடை மூடல். டேல் வீட்டு வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்தான். நான் கோட்டைப் போட்டுக்கொண்டு போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"நாளைக்கு வின்ஸோட காரும் வேணும்னு சொன்னா, உன் பிளான்ட் போனாலும் போகலாம் டேல்."

அவன் மண்வாரியை ஊன்றி நின்றான். "சொல்லலன்னா?"

"இப்போதைக்குப் பிழைக்கும். ஆனா ரெண்டு வருஷத்துல கடைக்குள்ள ஆளே வராது. அப்பவும் போகும்."

அவன் மண்வாரியில் ஒட்டிய பனியைத் தட்டினான். "எனக்குப் பயமாத்தான் இருக்கு" என்றான். "இந்த வயசுல யாரு வேலை கொடுப்பா? ஆனா நீ பொய் சொன்னா உன் காது செவந்துடும். பெல்லாமிக்கு அது தெரியும். பொய் சொல்றதா இருந்தா காத மூடித் தொப்பி போட்டுக்கிட்டுப் போ."

தொப்பி இல்லாமல்தான் போனேன்.

பெல்லாமி முதலில் வின்ஸைக் கேட்டார். வின்ஸ் எழுந்து நின்று, தொண்டையைச் செருமி, "நெய்பர நிறுத்தக் கூடாது" என்றான்.

நான் வாயைப் பிளந்தேன்.

"அத வாங்கினவங்க நம்மள நம்பிப் படுத்துத் தூங்குறாங்க டக். நான் அத திட்டித் திட்டி வித்தேன். ஒரு பொய்கூடச் சொல்லல. திட்டினது பூராவும் அதோட நல்ல குணம்."

"ஐலி?"

"ஃபயர்பிராண்ட நிறுத்தக் கூடாது" என்றேன். சொல்லும்போதே கசந்தது. "ஒரே ஒண்ணுதான் வித்தேன். அத வித்ததும் கடை செத்துப்போச்சு."

பெல்லாமி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேரையும் கொலை பண்ண அனுப்பினேன். ரெண்டு பேரும் கல்யாணம் பேசிட்டு வந்து நிக்கிறீங்க. பணம் மட்டும் இன்னும் ஒரு காருக்குத்தான் இருக்கு."

எனக்கு டேல் மண்வாரியோடு நின்றதுதான் கண்ணில் நின்றது.

"என் புது நெய்பர விட்டுடறேன்" என்றேன்.

அந்தப் புது நெய்பருக்காக நாலு வருஷம் உழைத்திருந்தேன். குழந்தை சீட்டை இடிக்காமல் உள்ளே வைக்கிற மாதிரி அகலமாகத் திறக்கும் பின்கதவு. அதற்காக எத்தனை அம்மாக்களை உட்கார வைத்து அளந்திருப்பேன்! "பழைய உடம்பே இருக்கட்டும். விளக்கு, சீட்டு, சின்னச் சின்னதா மாத்திக்கறேன். மிச்சப் பணம் அவனுக்கு."

வின்ஸ் என்னைப் பார்த்தான். அவனும் தன் காரிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தான். "புது எஞ்சின் வேண்டாம். அந்த விலை உசந்த கூரையும் வேண்டாம். வெளிக் கம்பெனிக்குக் கூலி கொடுக்கறத நிறுத்திடலாம். பெல்டன்ல ஒரு ஷிப்டு சும்மாத்தானே கெடக்கு? நெய்பர் போற லைன்லயே என் காரும் வரட்டும். ஒவ்வொரு கடை ஜன்னலுக்கும் ஒண்ணு. வித்தா பத்து நாள்ல அடுத்தது."

பெல்லாமி கணக்காளர்களைக் கூப்பிட்டார். ஆறு வாரம் கூட்டிக் கழித்தார்கள். அந்த ஆறு வாரமும் டேலும் நானும் சாப்பாட்டு மேஜையில் வேறு எல்லாவற்றையும் பற்றிப் பேசினோம். கடைசியில் பெல்லாமி ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார். பெல்டன் பிழைத்தது. என் பின்கதவின் படங்களைச் சுருட்டி அலமாரிமேல் வைத்தேன். அன்று காரில் உட்கார்ந்து பத்து நிமிஷம் அழுதேன், சந்தோஷத்துக்கும் சேர்த்து.

அடுத்த இலையுதிர்காலத்தில் பெல்டன் லைனில் முதல் ஃபயர்பிராண்ட் இறங்கியது. அன்று மாலை டேல் கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்கு வந்தான்.

"ஐலி, அந்தக் கதவு இருக்கே, என் உயரம் நீளம். சும்மா தள்ளினா மாட்டாது. குழந்தையத் தூக்கற மாதிரி தாங்கிப் புடிச்சு விடணும். மூடறப்ப ஒரு சத்தம் வருது பாரு..." ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து மூடினான். "இது இல்ல." அவன் கதவு மாட்டுகிறவன். வேலையைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. அடுப்புக் கதவை மூடிப் பார்த்தான். "இதுவும் இல்ல." என் கையைப் பிடித்துக் கராஜுக்கு இழுத்துக்கொண்டு போய், எங்கள் நெய்பரின் கதவைத் திறந்து ஒரு தடவை மூடினான். தலையை ஆட்டினான். "சேச்சே. இது இல்லவே இல்ல."

நான் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். "பத்தொன்பது வருஷமா என் காருக்குக் கதவு மாட்டுற. ஒரு நாளாவது அதப் பத்தி இப்படி வந்து சொல்லியிருக்கியா?"

டேல் நிஜமாகவே புரியாமல் என்னைப் பார்த்தான். "அதுல சொல்றதுக்கு என்ன இருக்கு? அது நல்லா மூடும்."

சனிக்கிழமை மளிகை வாங்க இருவரும் நெய்பரில்தான் போனோம். முதல் பனி விழுந்து ரோடு கண்ணாடியாக இருந்தது, கார் ஒரு தடவைகூட வழுக்கவில்லை. போக இருபது நிமிஷம், வர இருபது நிமிஷம், டேல் அந்தக் கதவைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தான்.